முந்திரிக் கொட்டகையில் மூன்று தடவை கேட்டது

ஏன் அந்தத் தலைப்பை எடுத்தீர்கள் என்று யாராவது கேட்டால் என்னிடம் மூன்று நிமிடம் ஓடுகிற பதில் ஒன்று உண்டு. அதில் அமைப்புசாராத் தொழில், பெண் உழைப்பு, சமூகப் பொறுப்பு எல்லாம் வரிசையாக வரும். உண்மையான பதில் சின்னது. அண்ணாகிராமத்தில் என் அத்தை வீடு இருந்தது. அந்த வீட்டில் மதியச் சோறு நன்றாக இருக்கும். அந்தத் தெருவின் கோடியில் ஒரு முந்திரிக் கொட்டகை இருந்தது. ‘முந்திரி உடைக்கும் பெண் தொழிலாளரின் பணித் திருப்தி’ என்ற என் ஆய்வுத் தலைப்பு இப்படித்தான் சோற்றிலிருந்து பிறந்தது. கைக்கு எட்டியவர்களைப் பிடித்து உட்காரவைத்துக் கேள்வி கேட்பதற்கு ஆராய்ச்சி முறையியலில் ‘வசதி மாதிரி’ என்று பெயர். யாருடைய வசதி என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை.

இது 2008இல். கடலூரில் ஒரு கல்லூரியில் எம்.ஃபில். செய்துகொண்டிருந்தேன். ‘செய்துகொண்டிருந்தேன்’ என்பதைக் கொஞ்சம் இழுத்துப் படிக்க வேண்டும். ஒரு வருடப் படிப்பு அது, எனக்கு மூன்றாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. தங்கியிருந்தது அண்ணாமலை நகரில், ஒரு லாட்ஜ் அறையில். கல்லூரி ஓர் ஊரிலும் நான் ஓர் ஊரிலும் இருந்ததற்குக் காரணம் உண்டு. அண்ணாமலை நகர் பல்கலைக்கழக ஊர், அங்கே கையில் ஃபைலோடு யார் நடந்தாலும் ஆராய்ச்சியாளர் மாதிரியே தெரியும். கடலூரில் அதே ஃபைலோடு நடந்தால் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

அந்த வருடம் மட்டும் எனக்கு அவசரம் இருந்தது. என் நெறியாளர் மே மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அதற்குள் ஆய்வேட்டில் அவர் கையெழுத்து விழாவிட்டால் புதிய நெறியாளர், புதிய தலைப்பு, எல்லாம் முதலிலிருந்து. ஜூன் மாதம் பாடம் நடத்த வரச் சொல்லியிருந்த தனியார் கல்லூரி ஒன்று, எம்.ஃபில். முடித்த வேறொருவரைக் கூப்பிட்டுக்கொள்ளும். அவர்கள் அதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார்கள். வீட்டிலும் சொல்லியிருந்தார்கள், ஆனால் அவ்வளவு மரியாதையாக இல்லை.

நெறியாளர் பண்ருட்டிக்காரர், பலாவும் முந்திரியும் விளைகிற ஊர். அவருக்கு ஒரே ஒரு வெறி: நம்பகத்தன்மை. ஓர் அளவுகோலைக் கொண்டு இன்று அளந்தாலும் பதினைந்து நாள் கழித்து அளந்தாலும் ஏறக்குறைய ஒரே விடை வர வேண்டும். ஏழு கிலோ பலாப்பழத்தைத் தராசு எத்தனை தடவை நிறுத்தாலும் ஒன்பது கிலோ என்றே காட்டினால் அது நம்பகமான தராசு. ஆனால் சரியான தராசு இல்லை. சரியாக இருப்பதற்குப் பெயர் ஏற்புடைமை. இதை அவர் வகுப்பில் சொல்லும்போது நான் குறிப்பேட்டில் பலாப்பழம் வரைந்துகொண்டிருந்தேன். படம் நன்றாகத்தான் வந்திருந்தது.

என் அளவுகோலில் முப்பது வாக்கியங்கள். வெளிநாட்டில் ஏதோ அலுவலக ஊழியர்களுக்காகச் செய்த ஒன்றை நான் தமிழில் மாற்றியிருந்தேன். ‘என் பணியிடத்தில் பதவி உயர்வுக்கு வாய்ப்புகள் உள்ளன.’ ‘என் மேலதிகாரி என் யோசனைகளுக்கு மதிப்பளிக்கிறார்.’ இப்படி முப்பது. ஒவ்வொன்றுக்கும் ஐந்து பதில்கள்: மிகவும் உடன்படுகிறேன் என்பதில் தொடங்கி, நடுவில் கருத்து இல்லை, கடைசியில் சிறிதும் உடன்படவில்லை. நான் படித்துக் காட்டுவேன், அவர்கள் சொல்வார்கள், நான் டிக் போடுவேன். கீழே கையெழுத்து அல்லது கைநாட்டு. அது நெறியாளரின் நிபந்தனை. லாட்ஜ் அறையில் உட்கார்ந்து நாமே நிரப்பிவிடக் கூடாதாம். நான் மனம் புண்பட்டதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன்.

மார்ச்சில் ஒருநாள் பக்கத்துச் சிதம்பரத்தில் பஸ் ஏறி, கடலூரில் மாறி, கொட்டகைக்குப் போனேன். இருபது பெண்கள். கல்லின்மேல் கொட்டையை வைத்துக் கட்டையால் ஒரு தட்டு, ஓடு இரண்டாகும், பருப்பு தனியே வரும். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைத் தின்றுவிடும் என்பதால் பக்கத்தில் ஆளுக்கொரு தட்டில் சாம்பல். நொடிக்கொரு தடவை கையில் பூசிக்கொள்வார்கள். அந்தக் கையால் என் படிவத்தைத் தொட்டார்கள். படிவம் அழுக்காகிறதே என்பதுதான் அன்றைக்கு எனக்கிருந்த ஒரே கவலை. வெள்ளைத் தாளில் முந்திரி எண்ணெய் பட்டால் போகவே போகாது.

முன் வரிசையில் உட்கார்ந்திருந்த அக்கா ஒருவர்தான் அங்கே பேச்சுக்குத் தலைமை. அத்தை வீட்டுக்கு எதிர்வீடு. ‘கருத்து இல்லை’ என்ற பதிலை நான் விளக்கியதும், கருத்து இல்லாத பொம்பளை யாரையாவது இந்தப் பக்கம் பார்த்திருக்கிறாயா என்று கேட்டார். பதவி உயர்வுக் கேள்விக்குக் கொட்டகையே கட்டையைக் கீழே வைத்தது.

“முந்திரி ஒடைக்கிறவளுக்குப் பதவி ஒசந்தா இன்னா தம்பி குடுப்பாங்க? பலாக்கொட்ட ஒடைக்கச் சொல்லுவாங்களா?”

சிரித்து முடித்துவிட்டு, அதற்கும் ‘மிகவும் உடன்படுகிறேன்’ என்றே போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். முப்பது கேள்விக்கும் அப்படித்தான். முதலாளி நல்லவர், சம்பளம் நல்லது, காற்று நன்றாக வருகிறது. வேர்வை என் மூக்கிலிருந்து சொட்டி, அந்தக் காற்றோட்டக் கேள்வியின்மேலேயே விழுந்தது. இருபது பேரில் ஒன்பது பேர் அழகாகக் கையெழுத்துப் போட்டார்கள். மற்றவர்கள் கைநாட்டு, மைப்பெட்டி தேவைப்படவில்லை, விரலிலேயே போதுமான கறுப்பு இருந்தது. இந்த மாவட்டத்திலேயே மிகத் திருப்தியான இருபது பெண்களைக் கண்டுபிடித்துவிட்ட பெருமையோடு படிவங்களை நெறியாளரிடம் கொடுத்தேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினார். பதினைந்து நாள் கழித்து அதே கேள்வி, அதே ஆட்கள் என்றார்.

பதினைந்து நாள் கழித்துப் போனேன். மறுபடி முதல் கேள்வியை நான் படித்ததும் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பதில் சொல்ல ஆரம்பித்தார்கள். கூலி போதுமா என்றால் சிறிதும் உடன்படவில்லை. முதலாளி யோசனைக்கு மதிப்புக் கொடுக்கிறாரா என்றால், வாயைத் திறந்தால்தானே யோசனை. ஒருத்திக்கு ஒன்றில் குறை, இன்னொருத்திக்கு வேறொன்றில். இரண்டு பேர் மட்டும் பக்கத்து ஊர்க் கொட்டகைக்கு இது பரவாயில்லை என்றார்கள். டிக் போடும் பேனா நடுவில் ஒரு தடவை நின்றுவிட்டது. அவர்களின் துயரம் என்னை உலுக்கியதாக நினைக்க வேண்டாம். என் நம்பகத்தன்மை அங்கே உடைந்து, பருப்பும் ஓடுமாகக் கிடந்தது.

அத்தை வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது எனக்கு ஒரே எரிச்சல். சோறு போடட்டுமா என்று அத்தை கேட்டார். போதும் அத்தை என்றேன். மனிதர்கள் பதினைந்து நாளில் இப்படி மாற்றிப் பேசலாமா என்று மாமாவிடம் புலம்பினேன். கரண்டியோடு நின்ற அத்தை இன்னொரு தடவை கேட்டார். இலையை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டே புலம்பலைத் தொடர்ந்தேன். வெயில் காரணமாக இருக்கலாம், மின்வெட்டு காரணமாக இருக்கலாம் என்று இரண்டு கருதுகோள்களை மாமாவுக்கு விளக்கினேன். அவர் ரசத்துக்குப் போய்விட்டார்.

அண்ணாமலை நகரில் ஒரு டி.டி.பி. கடை இருந்தது. அங்கே ஆய்வேடு டைப் அடித்துத் தருவார்கள், புள்ளியியலும் போட்டுத் தருவார்கள். கடைக்காரர் எங்கள் எல்லாருக்கும் ஸ்டாட்ஸ் அண்ணன். நாம் எண்களைக் கொடுத்தால் கம்ப்யூட்டரில் ஏற்றி, இரண்டு தடவைக்கும் உள்ள தொடர்பை ஓர் எண்ணாகச் சொல்லுவார். ஒன்றுக்குப் பக்கத்தில் வந்தால் நல்லது. முதல் தடவை மதிப்பெண்களை நான் எழுதி வைத்திருந்தேன். அண்ணன் இரண்டையும் ஏற்றிவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். பூஜ்யத்துக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தது என் எண்.

“மொத தடவ எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே நம்பர சொல்லியிருக்காங்க. ரெண்டாவது தடவ ஆளுக்கு ஒண்ணு. மெஷின் இன்னா பண்ணும் சொல்லு,” என்றார். பிறகு ஜவுளிக்கடைக்காரர் சேலை நிறம் கேட்கிற தோரணையில் எனக்கு எவ்வளவு வேண்டும் என்று விசாரித்தார். பாயிண்ட் எட்டு எடுப்பாக இருக்குமாம். ஒன்பதுக்கு மேல் போனால் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வருமாம்.

அவர் சொன்ன வழி சுலபம். எழுதி வைத்திருந்த முதல் தடவை மதிப்பெண்களைப் பார்த்து, அங்கங்கே ஒன்றிரண்டு டிக்கை மாற்றி, இரண்டாவது படிவத்தைப் புதிதாக நிரப்பிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பகலில், அறையில் ஃபேனுக்குக் கீழே இருபது பெண்களைத் திருப்திப்படுத்தினேன். டிக் போடுவது அரை மணி நேர வேலை. கைநாட்டுத்தான் பிரச்சினை. என்னோடு தங்கியிருந்த என் மாமன் மகன் மருந்துக் கம்பெனி விற்பனையாளன். அவனிடம் கறுப்பு ஷூ பாலிஷ் இருந்தது. இருபது பெண்கள், எனக்குப் பத்து விரல், அவனுக்குப் பத்து விரல். இயற்கையே ஆராய்ச்சிக்கு ஒத்துழைப்பதாகத் தோன்றியது.

“நாளைக்கு டாக்டருக்குக் கை குடுக்கணும் மச்சான்,” என்று அவன் கெஞ்சினான். அறிவியலுக்காக நீட்டு என்றேன். நீட்டினான்.

முதல் தடவை ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டது எனக்கு நினைவிருந்தது. ஆனால் ஒருவர் கையெழுத்தைப் போலியாகப் போடுவது குற்றம் என்று மனசாட்சி குறுக்கே நின்றது. விரலை உருட்டுவதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. ஆக, இருபதுக்கும் கைநாட்டு.

மறுநாள் நெறியாளர் அலமாரியைத் திறந்து பழைய படிவக் கட்டை எடுத்து, புதிய கட்டின் பக்கத்தில் வைத்தார். ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். நடுவில் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். அப்போதே நான் எழுந்து ஓடியிருக்க வேண்டும்.

“ஒன்பது பேரு மார்ச்ல கையெழுத்துப் போட்டிருக்காங்க. ஏப்ரல்ல கைநாட்டு. பதினஞ்சு நாள்ல படிச்சத எல்லாம் மறந்துட்டாங்களாய்யா?”

விரலைக் காட்டச் சொன்னார். பத்தும் கறுப்பு. சோப்புப் போட்டுக் கழுவியிருந்தேன். பாலிஷ் தரமான பாலிஷ். அவர் சிரித்தார். சிரித்து முடித்ததும், கொட்டகைப் பக்கமே பிறந்து வளர்ந்தவனிடம் முந்திரி எண்ணெய்க்குப் பதில் பாலிஷை நீட்டுகிறாயே, கொஞ்சமாவது மரியாதை வேண்டாமா என்று கேட்டார். நான் பொய் சொன்னதைவிட, மட்டமான பொய் சொன்னதுதான் அவரை நோகடித்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

உண்மையான இரண்டாவது படிவங்களைக் கேட்டார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வெகுநேரம் படித்தார். பிறகு மூன்றாவது தடவை போய்க் கேட்கச் சொன்னார். இரண்டுக்கும் மூன்றுக்கும் ஒத்துப்போனால் கையெழுத்து. ஒத்துப்போகாவிட்டால் என்னைப் புதியவரிடம் ஒப்படைத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விடுவார். விடைபெறும் விழாவில் மாலை போட வருகிறவர்களிடம் முடிக்காத மாணவன் ஒருவன் பாக்கி என்று சொல்ல நேர்ந்தால் அவருக்கும் அசிங்கம்தான். ஆகவே எங்கள் இருவரின் மானமும் இருபது பெண்களின் வாயில் இருந்தது.

மே மாத நடுவில், நல்ல வெயிலில், மூன்றாவது முறையாகக் கொட்டகைக்குள் நுழைந்தேன். என்னைப் பார்த்ததும் முன் வரிசை அக்கா கட்டையை நிறுத்தாமலே, இன்னும் பாஸாகவில்லையா என்று விசாரித்தார். ஆகவில்லை என்று ஒப்புக்கொண்டேன். வெட்கத்தை விட்டு, ஏன் முதல் தடவை ஒன்றும் இரண்டாம் தடவை ஒன்றும் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“ஒன் அத்த சோறு போடட்டுமான்னு கேட்டா மொத தடவ நீ இன்னா சொல்லுவ?”

போதும் என்பேன் என்றேன்.

“ரெண்டாவது தடவ கேட்டா?”

இலையை நகர்த்துவேன் என்று சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருந்தது.

“வெளியாளு ஒருத்தன் வந்து நல்லா இருக்கீங்களான்னு கேட்டா, நல்லா இருக்கோம்னுதான் சொல்லுவாங்க. அவன் திரும்ப வந்து அதையே கேட்டா, சரி, நெசமாவே தெரிஞ்சிக்க வந்திருக்கான்னு அர்த்தம். அப்பத்தான் உள்ளதச் சொன்னோம். அதுக்கு மேல எங்ககிட்ட வேற பதில் இல்ல, கேட்டுக்க.”

பிறந்ததிலிருந்து நான் புழங்குகிற மரியாதை அது. வெளிநாட்டு அளவுகோலைத் தமிழ்ப்படுத்தியபோது இந்த ஒன்றை மட்டும் தமிழ்ப்படுத்த மறந்திருந்தேன். முப்பது கேள்வியையும் கேட்டேன். அவர்கள் கொட்டை உடைத்துக்கொண்டே, ஏற்கெனவே சொன்னதை அப்படியே சொன்னார்கள். ஒன்பது கையெழுத்து, பதினொரு கைநாட்டு. வேலை கிடைத்த மாதிரிதான். பையை மூடினேன்.

“முடிஞ்சிதா?” என்றார் அக்கா.

முடிந்தது என்றேன்.

“கையப் பத்தி எப்ப கேப்ப?”

கட்டையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு உள்ளங்கையையும் என் முகத்துக்கு நேரே திருப்பினார். தோல் திட்டுத் திட்டாக உரிந்திருந்தது. கறுப்புக்கு நடுவே இளஞ்சிவப்பு. விரல் நுனிகளில் வெடிப்பு.

“கொழம்பு ஊத்திச் சோத்தப் பெசஞ்சா கண்ணுல தண்ணி வருது. எம் பொண்ணுதான் பெசஞ்சு தரா. மூணு தடவ வந்துட்ட. பதவி உயர்வு கேட்ட, காத்து வருதான்னு கேட்ட, மொதலாளி மரியாதயா பேசறாரான்னு கேட்ட. எங்க வேல இதுதான் தம்பி. இதக் கேக்கவே இல்லியே.”

கொட்டகையில் யாரும் சிரிக்கவில்லை. எழுதிக்கொள்கிறேன் அக்கா என்று சொல்லி, கடைசிப் படிவத்தின் பின்பக்கத்தில் ‘கை’ என்று எழுதினேன். ஓர் எழுத்து. மூன்று வருட ஆராய்ச்சியில் நான் நேராகக் காதால் கேட்டு எழுதிய ஒரே விஷயம் அது, அதுவும் நான் கேள்வி கேட்டு வந்ததில்லை.

பஸ்ஸில் வரும்போது நாள்களை எண்ணினேன். அந்தக் கேள்வியைச் சேர்த்தால் அளவுகோல் புதிது. புதிய அளவுகோலை இரண்டு முறை சோதிக்க வேண்டும். இந்தப் பெண்களின் கணக்குப்படி முதல் முறை வெறும் மரியாதைக்குப் போய்விடும் என்பதால், மூன்று முறை. எப்படிப் போட்டாலும் ஜூனைத் தாண்டியது. இந்தக் கணக்கை மட்டும் நான் நான்கு தடவை போட்டேன். நான்கு தடவையும் ஒரே விடை.

ஸ்டாட்ஸ் அண்ணன் எண்களை ஏற்றினார். ஒன்றுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அவர் நம்பவில்லை. யார் நிரப்பியது என்று ரகசியமாகக் கேட்டார். அவர்களே என்றேன். “ஒரிஜினல்ல இவ்ளோ ஜாஸ்தி வராதே,” என்று தலையைச் சொறிந்துகொண்டு, கொஞ்சம் குறைத்து வைக்கட்டுமா என்றார்.

நெறியாளருக்கு எண்ணைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியிலேயே விட்டிருக்கலாம். நான் படிவத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினேன். அக்கா சொன்னதைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய அம்மாவும் கொட்டை உடைத்தவர்தான் என்று அன்றைக்குத்தான் சொன்னார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி நெறியாளர் ஆனார்.

“எனக்கு இன்னும் பதினோரு நாள். ஒனக்கு வேல வேணுமா, இந்தக் கேள்வி வேணுமா?”

யோசித்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. நெற்றியைத் தேய்த்தேன், ஜன்னல் வழியே வெள்ளி கடற்கரைப் பக்கம் பார்த்தேன் என்றெல்லாம் எழுதலாம். ஜன்னல் வழியே சைக்கிள் ஸ்டாண்ட்தான் தெரியும். கேள்வி முடிவதற்குள் “வேல சார்” என்றேன்.

அப்படியானால் ‘ஆய்வின் வரம்புகள்’ பகுதியில் ஒரு வரி சேர்த்துவிடச் சொன்னார். ஆய்வேட்டில் எவரும் படிக்காத பகுதி அது. நாங்கள் செய்யாமல் விட்டதையெல்லாம் போட்டு மூடி வைக்கும் இடம். வரியை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: ‘தொழில்சார் உடல்நலக் கூறுகள் இவ்வாய்வின் எல்லைக்குள் கொண்டுவரப்படவில்லை.’ முதல் சுற்றுப் படிவங்கள் ‘முன்னோட்டச் சோதனை’ என்ற கௌரவமான பெயரில் உள்ளே போயின. பாலிஷ் படிவங்களை அவர் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். பிறகு பேனாவைத் திறந்து, மூன்று பிரதியிலும் கையெழுத்துப் போட்டார்.

வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் நம்பகத்தன்மை எண்ணைப் பார்த்து வெகுவாகப் பாராட்டினார். ஏற்புடைமையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். நான் தராசு, பலாப்பழம் என்று தெளிவாகப் பதில் சொன்னேன். ஜூனில் வேலையில் சேர்ந்தேன். எனக்குக் கொடுத்த பாடம் ஆராய்ச்சி முறையியல்.

ஆய்வேடு பைண்டிங் ஆகி வந்ததும் ஒரு பிரதியை அத்தை வீட்டுக்கு எடுத்துப் போனேன். அத்தை அதைத் தூக்கிப் பார்த்து, நல்ல கனம் என்றார். எதிர்வீட்டில் ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம்: புத்தகம் வந்துவிட்டதா, அதில் கையைப் பற்றிப் போட்டிருக்கிறானா?

“போட்டிருக்கு அத்தை,” என்றேன்.

அத்தை வாசலில் இறங்கி எதிர்வீட்டைப் பார்த்து அப்படியே சொன்னார். போட்டிருக்கானாம். அந்தப் பக்கத்திலிருந்து அக்கா ஏதோ சந்தோஷமாகப் பதில் சொன்னது காதில் விழுந்தது. என்ன சொன்னார் என்று அத்தை உள்ளே வந்து சொல்வதற்குள் நான் பின்கட்டுக்குக் கை கழுவப் போய்விட்டேன்.